அக்காவை மலைக்குக் கூட்டிப்போன கோடை

நம் வயதுக்காரர்கள் நாலு பேர் கூடினால் பேச்சு எப்படியும் கோடை விடுமுறையில் வந்து நிற்கிறது. ஒருவர் பம்புசெட்டில் குளித்ததைச் சொல்கிறார். ஒருவர் மெரினாவில் தொலைந்துபோய்க் கிடைத்ததைச் சொல்கிறார். என் முறை வரும்போது, "ஊட்டிக்கு ஒரு தடவை போயிருக்கிறேன்" என்று சொல்லி நிறுத்திக்கொள்வேன். "அந்தக் காலத்திலேயே ஊட்டியா!" என்பீர்கள். எண்பதுகளின் தொடக்கத்தில் மேற்குத் தாம்பரத்தில் எங்கள் தெருவிலிருந்து ஊட்டிக்குப் போன முதல் குடும்பம் நாங்கள்தான். எதற்காகப் போனோம் என்பதைத் தெருவுக்கும் சொல்லவில்லை, உங்களுக்கும் இதுவரை சொன்னதில்லை.

அக்காவுக்கு அப்போது பத்தொன்பது வயது. எனக்குப் பதினொன்று. அக்கா டைப்ரைட்டிங் ஹையர் பரீட்சை முடித்திருந்தாள். எங்கே உட்கார்ந்தாலும் அவள் விரல்கள் தொடையின் மேல் தட்டிக்கொண்டே இருக்கும். என்னைக் குப்புறப் படுக்கவைத்து முதுகில் ஒரு இங்கிலீஷ் வார்த்தையை டைப் அடிப்பதுபோலத் தட்டி, என்ன என்று கேட்பாள். நான் ஒருமுறைகூடச் சரியாகச் சொன்னதில்லை.

ஐப்பசி மழையில் அவளுக்குப் பிடித்த இருமல் தை போயும் மாசி போயும் விடவில்லை. சாயங்காலமானால் உடம்பு சுடும், காலையில் ஒன்றும் இருக்காது. அம்மா அவளுடைய ஜாக்கெட்டுகளை இரண்டு தடவை பிடித்துத் தைத்தாள். மார்க்கெட் பக்கத்து டாக்டர் வெகுநேரம் முதுகில் குழல் வைத்துக் கேட்டுவிட்டு ஒரு கடிதம் எழுதி அப்பாவிடம் கொடுத்தார்.

"நாளைக்கே கூட்டிட்டுப் போங்க சார். அடுத்த ஸ்டேஷன்தானே. இப்பல்லாம் இதுக்கு மருந்து இருக்கு. ஒரு வருஷம் ஒழுங்கா சாப்பிட்டா சுத்தமா போயிடும்."

தாம்பரத்திலிருந்து கடற்கரைப் பக்கம் போகும் மின்சார ரயிலுக்கு அடுத்த நிறுத்தம் சானடோரியம். காசநோய்க்காக எப்போதோ கட்டிய ஆஸ்பத்திரி. ஊருக்கும் ஸ்டேஷனுக்கும் அதுவே பெயராகிவிட்டது. அந்தப் பெயரை எங்கள் தெருவில் யாரும் உரக்கச் சொல்ல மாட்டார்கள். "அவங்க வூட்ல ஒருத்தர் அடுத்த ஸ்டேஷன்ல கீறாராம்" என்றால் போதும். அதற்குப் பிறகு அந்த வீட்டில் யாரும் தண்ணீர் வாங்கிக் குடிக்க மாட்டார்கள். பெண் எடுக்க மாட்டார்கள்.

பங்குனியில் அக்காவைப் பெண் பார்த்துப் பிடித்துப்போய், ஆவணியில் நிச்சயதார்த்தம் என்று சொல்லிவிட்டுப் போயிருந்தார்கள். மாப்பிள்ளையின் அப்பா அந்த அடுத்த ஸ்டேஷனில்தான் டிக்கெட் கலெக்டர்.

டாக்டரிடம் போய் வந்த அன்று அம்மாவும் அப்பாவும் அடுப்படியில் பேசியது முழுக்க எனக்கு நினைவிருக்கிறது.

"அங்க எறங்கினா மொதல்ல அவரு கையிலதான் டிக்கெட்டக் குடுக்கணும்," என்றாள் அம்மா. "குடுத்துட்டு இன்னா சொல்லுவீங்க? சும்மா காத்து வாங்க வந்தோம், சம்பந்தின்னா?"

"பஸ்ல போலாம்."

"பஸ்ஸு இன்னா கொல்லப்பக்கமா போய் நிக்குது? ரோட்டு மேலயே கீது ஆஸ்பத்திரி கேட்டு. தாம்பரத்துல பாதிப் பேரு அந்த ரோட்லதான் போறான் வரான்."

அப்பா டாக்டர் கடிதத்தை மடித்துச் சட்டைப்பையில் வைத்தார். பிறகு, "காத்து," என்றார். "நீ சொன்னியே, காத்துன்னு. வெள்ளைக்காரன் இதுக்குன்னே மலைமேல ஆஸ்பத்திரி கட்டி வெச்சான். மருந்தே இல்லாத காலத்துல வெறும் காத்தாலயே கொணமாக்கினான். உன் தம்பி அங்கதானே இருக்கான்?"

அம்மாவின் தம்பி, என் மாமா, ஊட்டிக்கு மேலே அணை கட்டிய இடத்தில் மின்சார இலாகா காம்ப்பில் லைன் இன்ஸ்பெக்டர். அவருக்குக் கடிதம் போனது. மார்க்கெட் பக்கத்து டாக்டர் கொடுத்த கடிதம், பீரோவில் புடவைகளுக்கு அடியில் விரித்திருந்த செய்தித்தாளின் கீழே போனது.

அப்பாவை மூடர் என்று நினைத்துவிடாதீர்கள். ஆபீஸில் மற்றவர்களின் மனுக்களை எழுதிக்கொடுப்பவர் அவர். அவருடைய தாய்மாமன் ஒருவர் அந்த ஆஸ்பத்திரிக்குள் போய்த் திரும்பவில்லை. அது மருந்து வருவதற்கு முந்திய காலம். அப்பாவுக்கு அந்தக் காலம் முடியவே இல்லை.

எதிர்வீட்டு ஏர்ஃபோர்ஸ்காரரின் மனைவி வடக்கே இருந்தபோது வாங்கிய ஸ்வெட்டரை அக்காவுக்குக் கொடுத்தார். தவிட்டு நிறம், முன்னால் மூன்று பெரிய பித்தான்கள். பெட்டியில் கிடந்து கிடந்து அந்துருண்டை வாசனை ஏறியிருந்தது. "எவ்ளோ நாள் வேணுமோ வெச்சுக்கோ. இங்க இத போட்டா வெந்துடுவோம்," என்று சிரித்தார். "கல்யாணத்துக்கு முன்னாடியே ஊட்டியா? அப்ப ஹனிமூனுக்கு எங்க போவே?"

மே மாதத் தொடக்கத்தில் ஒரு சாயங்காலம் கிளம்பினோம். சென்ட்ரலில் இரவு வண்டி பிடிக்க, தாம்பரத்தில் மின்சார ரயில் ஏறினோம். அடுத்த ஸ்டேஷன் வரும் முன் அம்மா அக்காவை ஜன்னலோரத்திலிருந்து எழுப்பி உள்பக்கம் உட்காரவைத்தாள். பயன் இல்லை. பிளாட்பாரத்தில் கறுப்புக் கோட்டோடு நின்றிருந்த மாப்பிள்ளையின் அப்பா எங்களைப் பார்த்துவிட்டு ஜன்னலருகே வந்தார். பயணத்தைப் பற்றி அப்பா முன்பே சொல்லியிருந்தார்.

"இன்னாம்மா, நம்ம ஸ்டேஷன்ல எறங்காமலே போறீங்களா?" என்று கேட்டுவிட்டு அவரே சிரித்தார். "குளுரு ஜாஸ்தியா இருக்கும். காதுல பஞ்சு வெச்சுக்கோங்க." வண்டி நகரும்போது என் கையில் ஒரு பிஸ்கட் பொட்டலத்தைத் திணித்தார். அவருக்குப் பின்னால் பெரிய பழுப்பு உறைகளைப் பிடித்தபடி ஏழெட்டுப் பேர் பெஞ்சில் உட்கார்ந்திருந்தார்கள். எக்ஸ்ரே உறைகள். அம்மா அவர்களைப் பார்க்காமல் அவரைப் பார்த்துத் தலையசைத்தாள்.

அப்பா சென்ட்ரலில் எங்களை ஏற்றிவிட்டுத் திரும்பினார். காலையில் மேட்டுப்பாளையத்தில் இறங்கி பஸ் ஏறினோம்.

கொஞ்ச தூரம் பாக்குத்தோப்புகள். அப்புறம் ரோடு மலையைச் சுற்றத் தொடங்கியது. ஒவ்வொரு கொண்டை ஊசி வளைவிலும் ஒரு கல்லில் எண் எழுதியிருந்தது. ஐந்தாவது வளைவுக்குள் பஸ்ஸில் பாதிப் பேர் ஜன்னலுக்கு வெளியே தலையை நீட்டிவிட்டார்கள். அக்காவும் நீட்டினாள். ஆனால் அவளுக்கு வந்தது வாந்தி இல்லை, இருமல். அம்மா உள்ளங்கையை அவள் வாய்க்குக் கீழே ஏந்தினாள். கையில் சிவப்பாக இருந்தது. அம்மா அதைப் பார்த்தாள். நான் பார்த்ததையும் பார்த்தாள். முந்தானையில் துடைத்து, அந்த இடத்தை உள்பக்கமாக மடித்து இடுப்பில் செருகிக்கொண்டாள்.

கண்டக்டர் வந்து நின்றார். "மொதத் தடவைங்களா? எலுமிச்சம்பழம் இருந்தா மோந்துட்டு வரச் சொல்லுங்கம்மா. பத்து வளைவு தாண்டுனா செரியாப் போயிருமுங்க."

"பஸ்ஸு ஒத்துக்கல," என்றாள் அம்மா. அவர் நகர்ந்ததும் என் காதருகே குனிந்து, "யாரு கேட்டாலும் அதான். பஸ்ஸு ஒத்துக்கல. புரிதா?" என்றாள். முன் சீட்டுக்காரர் ஒரு எலுமிச்சம்பழம் கொடுத்தார். அக்கா அதை முகர்ந்தபடி வந்தாள்.

ஊட்டியிலிருந்து காம்ப்புக்கு நாளுக்கு ஒரே பஸ். அந்த ரோடு ஒரு வண்டி அகலம்தான். எதிரே லாரி வந்தால் யாராவது ஒருவர் பின்னால் போக வேண்டும். யார் என்பதை ஓட்டுநர்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தே முடிவு செய்தார்கள். பகல் இரண்டு மணிக்கு விளக்கைப் போட்டுக்கொண்டு, ஒவ்வொரு திருப்பத்திலும் ஹாரன் அடித்து, பதில் வருகிறதா என்று ஒரு கணம் காத்திருந்து, பஸ் ஏறியது. யூகலிப்டஸ் காடு முடிந்த இடத்தில் மூடுபனி விலகியது. அக்கா என் தோளைப் பிடித்து ஜன்னல் பக்கம் திருப்பினாள்.

நீங்கள் காலண்டரில் பார்த்த மலையாக அதை நினைக்காதீர்கள். உச்சிகளில் மரமே இல்லை. ஒன்றன்பின் ஒன்றாகப் புல் மூடிய முதுகுகள். இரண்டு முதுகுகளுக்கு நடுவே விழும் மடிப்பில் மட்டும் கரும்பச்சையாய்க் கொஞ்சம் சோலை. மே மாதத்துப் புல் பாதி பழுப்பு, பாதி புதுப்பச்சை. காற்று அதன்மேல் போவது கண்ணுக்குத் தெரிந்தது. வீடில்லை, வேலியில்லை. மின்கோபுரங்கள் மட்டும் வரிசையாக நின்றன. எங்கள் ரோடு அந்த முதுகுகளின் விளிம்பில் நூல் ஒட்டியதுபோல மேலே மேலே போவது தெரிந்தது.

"அவ்ளோ மேலயா போப்போறோம்?" என்றாள் அக்கா. அவள் குரலில் அப்படி ஒரு சந்தோஷத்தை நான் கேட்டு மாதக்கணக்காகியிருந்தது.

மாமா வீடு தகரக்கூரை போட்ட இரண்டு அறை. இரும்புச் சட்டியில் கரி போட்டுக் கணப்பு மூட்டியிருப்பார்கள். அத்தை கோயம்புத்தூர்ப் பக்கத்துப் பெண். கல்யாணமாகி இரண்டு வருஷம். எங்களைப் பார்த்ததும் அவர் கண் அக்காவின் கழுத்தெலும்பில் நின்றது. "என்னங்க அண்ணி, பொண்ணு இப்புடி எளச்சிருக்கு?" என்றார்.

"மெட்ராஸ் வெயிலு," என்றாள் அம்மா.

அடுத்த நாளிலிருந்து சிகிச்சை தொடங்கியது. காலையில் பச்சை முட்டை. பதினோரு மணிக்கு வெளியே நாற்காலி போட்டு, வாயைத் திறந்து காற்றை இழுக்கச் சொல்வாள் அம்மா. மத்தியானமும் ராத்திரியும் பீட்ரூட். காம்ப் முழுக்கத் தோட்டத்தில் அதுதான் விளைந்தது. ரத்தம் ஊறும் என்று பொரியலாக, கூட்டாக, சாறாகக் கொடுத்தாள். ஒருநாள் காலையில் பின்பக்கம் அக்கா வாய் கொப்பளித்த இடத்தை அத்தை பார்த்துவிட்டார்.

"அண்ணி, இது என்னங்க செவப்பா?"

"பீட்ரூட்டு. ராத்திரி தின்னாளே."

"ராத்திரி தின்னது காலைல இப்புடியா வரும்?"

"உனக்கு ஒரு கொழந்த பொறக்கட்டும், அப்புறம் எனக்குச் சொல்லிக் குடு."

அத்தை திரும்பி அடுப்படிக்குள் போய்விட்டார். குழந்தை இல்லாத பெண்ணிடம் அந்த வார்த்தை போதுமானது. ஆனால் வெள்ளிக்கிழமைதோறும் காம்ப்புக்கு ஜீப்பில் வரும் டாக்டரிடம் அக்காவைக் காட்ட வேண்டும் என்று மாமாவிடம் சொல்லிவிட்டார்.

அந்த வாரம் புதன்கிழமை மாமா எங்கள் இருவரையும் மேலே கூட்டிப்போனார். கோபுரங்களைச் சோதிக்க இலாகா ஜீப்பில் போகும் நாள் அது. மலைரோடு முடிகிற உச்சியை காம்ப்காரர்கள் மொட்டைமேடு என்பார்கள். அங்கே எங்களை இறக்கிவிட்டு, "ஒரு மணி நேரத்துல வரேன். ரோட்டவிட்டுத் தூரமா போகாதீங்க. சோலைக்குள்ள காட்டெருமை கெடக்கும்," என்று சொல்லிவிட்டு ஆட்களோடு சரிவில் இறங்கினார்.

அக்கா செருப்பைக் கழற்றினாள். புல்லில் ஈரம் இருந்தது. பத்தடி நடந்து, நின்று, மூச்சு வாங்கி, மறுபடி பத்தடி நடந்தாள். காற்று ஸ்வெட்டருக்குள் புகுந்து அதை உப்பவைத்தது. அவள் பழைய அளவுக்கு வந்துவிட்டதுபோல இருந்தது. கீழே நாங்கள் வந்த ரோடு முழுக்கத் தெரிந்தது. ஒரு லாரி ஊர்ந்துகொண்டிருந்தது. அதன் சத்தம் வரவில்லை. வளைவில் திரும்பி மறைந்து, வெகுநேரம் கழித்து, எதிர்பாராத இடத்தில் வெளியே வந்தது. "அங்க பாரு, அங்க பாரு," என்று அக்கா அதையே காட்டிக்கொண்டிருந்தாள்.

என்னைக் குப்புறப் படுக்கச் சொல்லி முதுகில் தட்டினாள். ஐந்து எழுத்து. நான் "மெட்ராஸ்" என்றேன். "அது ஆறு எழுத்துடி, மக்கு," என்று சிரித்தாள். அந்தச் சிரிப்பு இருமலாக மாறியது.

நான் எழுந்து உட்கார்ந்தபோது அவள் ஒருக்களித்துக் குனிந்திருந்தாள். நாலைந்து புல்நுனிகள் சிவந்திருந்தன. அளவு சொல்ல வேண்டுமானால் ஒரு கரண்டி இருக்கும். ஒரு கையால் புல்லைப் பிடுங்கி அதன்மேல் போட்டாள்.

"பஸ்ஸே இல்லியே அக்கா," என்றேன்.

அவள் என்னைப் பார்த்தாள். "ஆமாண்டி," என்றாள். "பஸ்ஸே இல்ல."

கொஞ்ச நேரம் கழித்து, "நாளன்னிக்கு டாக்டரு வருவாரில்ல? நீ சொல்லிடு," என்றாள்.

"நீயே சொல்லேன்."

"நான் சொன்னா, கல்யாணத்தக் கெடுக்கறதுக்குன்னே சொல்றேன்னு அம்மா சொல்லும். ஏற்கெனவே ஒரு தடவ சொல்லிடுச்சு. நீ சின்னப் பொண்ணு. தெரியாம ஒளறிட்டேன்னு உட்டுடுவாங்க."

"அடிப்பாங்க."

"ரெண்டு அடி அடிப்பாங்க. எனக்காக வாங்கிக்கயேன்."

"உனக்கு அந்த மாமாவப் புடிக்கலையா?"

"எந்த மாமா?"

"டிக்கெட் கலெக்டர் புள்ள."

"புடிச்சிருக்குடி. அதுக்குத்தான் சொல்றேன். செத்துப் போயிட்டா எப்படிக் கட்டிக்கிறது?"

அதைச் சாதாரணமாக, கடைக்குப் போய் வரச் சொல்வதுபோலச் சொன்னாள். நான் அவள் தலையில் கைவைத்துச் சத்தியம் செய்தேன். மாமாவின் ஜீப் வரும்வரை என் தோளில் சாய்ந்துகொண்டு அந்த லாரி மறுபடி எங்கே வரும் என்று பார்த்தாள்.

வெள்ளிக்கிழமை டாக்டர் வந்தார். கழுத்தில் மஃப்ளர், வழுக்கைத் தலை. டிஸ்பென்சரி என்பது ஒரு தகரக் கொட்டகை. டாக்டர் கேட்ட எல்லாவற்றுக்கும் அக்காவுக்கு முன்னால் அம்மா பதில் சொன்னாள். அக்கா ஒவ்வொரு தடவையும் என்னைப் பார்த்தாள். கடைசியில் டாக்டர் எல்லாரையும் வெளிப்பெஞ்சில் உட்காரச் சொல்லிவிட்டு என்னை மட்டும் கூப்பிட்டார்.

"பாப்பா, நீ நெசத்தச் சொல்லு. அக்கா இருமறப்ப ரத்தம் வந்து பார்த்திருக்கியா? வந்திருந்தா பயமே இல்ல. இன்னிக்கே என் ஜீப்புல கூட்டிட்டுப் போயி நெஞ்சை போட்டோ எடுத்துடுவோம். நீங்க நாளைக்கே ஊருக்குப் போயி மருந்த ஆரம்பிச்சிடலாம்."

"நாளைக்கேவா சார்?"

"நாளைக்கே."

ஞாயிற்றுக்கிழமை மாமா எங்களை ஊட்டிக்குக் கூட்டிப்போய்க் குதிரை ஏற்றுவதாகச் சொல்லியிருந்தார். நான் எட்டு நாளாக அதை எண்ணிக்கொண்டிருந்தேன்.

"இல்ல சார்," என்றேன். "அவளுக்கு பஸ்ஸு ஒத்துக்காது."

அம்மாவுக்குப் பயந்து சொன்னேன் என்று பல வருஷங்கள் எனக்கு நானே சொல்லிக்கொண்டிருந்தேன். பயம் இருந்தது. ஆனால் குதிரையும் இருந்தது.

கதவு திறந்துதான் இருந்தது. வெளியே வந்தபோது அக்கா பெஞ்சின் மரத்தில் விரல்களை வைத்திருந்தாள். அவை தட்டவில்லை. என்னைத் திட்டவும் இல்லை. அன்று டீயோடு அம்மா எனக்கு ஒரு முழு வர்க்கி ரொட்டி கொடுத்தாள். எப்போதும் பாதிதான் கிடைக்கும்.

ஞாயிற்றுக்கிழமை ஏரிக்கரையில் பத்து நிமிடம் குதிரை ஏறினேன். செம்பட்டை நிறக் குதிரை, ஒரு காதின் நுனி இல்லை. நான் சுற்றி வரும்வரை அக்கா என் செருப்புகளைக் கையில் பிடித்துக்கொண்டு நின்றாள். நான் இறங்கியதும் கீழே வைத்து, கால் நுழைகிற மாதிரி திருப்பி வைத்தாள்.

மாதக் கடைசியில் எங்களைக் கூட்டிப்போக அப்பா வந்தார். அக்காவின் கன்னங்கள் இரண்டும் சிவந்திருந்தன. அப்பா அவள் முகவாயைப் பிடித்து வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தார். "பாத்தியா? ரத்தம் ஏறியிருக்கு. நான் சொல்லல?" என்றார். கண் கலங்கிவிட்டார். அவர் என் கண்முன்னால் அழுதது அதுதான் முதல் தடவை. குளிர் யார் கன்னத்தையும் சிவக்கவைக்கும். காய்ச்சலும் அதைச் செய்யும். அத்தை மட்டும் வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். இறங்கும் பஸ்ஸில் அக்கா கண்ணைத் திறக்கவே இல்லை. அந்த மலையை நான் மட்டும் திரும்பிப் பார்த்துக்கொண்டு வந்தேன்.

ஸ்வெட்டரை அம்மா வெந்நீரில் இரண்டு தடவை துவைத்துத் திருப்பிக் கொடுத்தாள். காரணம் சொல்லவில்லை. எதிர்வீட்டுக்காரர்களுக்கு அந்த ஜூனிலேயே மாற்றல் வந்தது. அவர்களுக்கு எதுவும் ஆகியிருக்காது. ஆனாலும் அந்த மூன்று பித்தான்கள் என் நினைவுக்கு வருவதை நிறுத்த முடியவில்லை.

உடம்பு தேறிவிட்ட பெண் என்பதால் அக்காவை வீட்டு வேலைகளைச் செய்ய விட்டார்கள். ஆடி மாதம் ஒரு காலை, தெருமுனை அடிபம்பில் அவள் தண்ணீர் அடித்துக்கொண்டிருந்தாள். பின்னால் ஏழெட்டுக் குடங்கள் வரிசையில் இருந்தன. பாதிக் குடம் நிறைந்தபோது இருமினாள். இந்த முறை கரண்டிக் கணக்கு இல்லை. பம்பு மேடையெல்லாம் ரத்தமானது. வரிசையில் இருந்த பெண்கள் குடங்களைத் தூக்கிக்கொண்டு பின்னால் நகர்ந்தார்கள். ஒருத்தி மட்டும், மீன் விற்கிறவள், கூடையை இறக்கிவைத்துவிட்டு அக்காவைத் தாங்கிப் பிடித்து, "இன்னா பாத்துகினு நிக்கிறீங்கோ? ஆட்டோவ இட்டாங்கடி!" என்று கத்தினாள்.

மறைக்க எதுவும் மிச்சமில்லாததால் ஆஸ்பத்திரிக்குப் போவது சுலபமாக இருந்தது. ஆட்டோவில் கால் மணிகூட ஆகவில்லை. புடவைக்கு அடியிலிருந்த கடிதத்தை அப்பா எடுத்து வரவில்லை. அதில் பங்குனி மாதத் தேதி இருந்தது.

அங்கே ஒரு டாக்டரம்மா. எக்ஸ்ரே படத்தை விளக்கின்முன் பிடித்துப் பார்த்தார். வெகுநேரம் பார்த்தார். பிறகு உட்கார்ந்து, சீட்டை எடுத்து, பேனாவைத் திறந்தார்.

"ரத்தம் எப்பலேருந்து வருது?"

அப்பா சுவரைப் பார்த்தார். அம்மா முந்தானையை இழுத்து இடுப்பில் செருகிக்கொண்டாள். நான் அக்காவின் பக்கத்தில் நின்றிருந்தேன். இந்தத் தடவை குதிரை எதுவும் இல்லை. இருந்தாலும் நான் உண்மையைச் சொல்லவில்லை.

"ஒரு வாரமா," என்றாள் அக்கா.

"அதுக்கு முன்னாடி வந்ததே இல்லையா? நல்லா யோசிச்சுச் சொல்லும்மா."

"இல்ல டாக்டர்."

டாக்டரம்மா எழுதினார்.

மத்தியானம் மாப்பிள்ளையின் அப்பா கறுப்புக் கோட்டோடு வார்டுக்கு வந்தார். யாரோ சொல்லியிருக்கிறார்கள். கையில் ஒரு பிளாஸ்க். அப்பா அவரைப் பார்த்ததும் எழுந்து நின்று கைகூப்பினார். கல்யாணம் முறிந்தது என்று சொல்ல வந்திருக்கிறார் என்று நினைத்தார்போல.

"இன்னா சார் இது," என்றார் அவர். "டெய்லி இந்த ஸ்டேஷன் கேட்ல நிக்கிறவன் நான். எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லக் கூடாதா? என் சம்சாரம் இதே வார்டுல எட்டு மாசம் இருந்தவ சார். நடந்து உள்ள வந்தா, நடந்து வெளிய போனா. அதுக்கப்புறம்தான் சின்னவனே பொறந்தான்."

சின்னவன்தான் மாப்பிள்ளை.

அப்பா கூப்பிய கையை இறக்கவே இல்லை. அம்மா வராந்தாவுக்குப் போய்விட்டாள். அவர் பிளாஸ்க்கிலிருந்து பாலை ஊற்றி அக்காவிடம் கொடுத்துவிட்டு, "ஆவணி போனா தைல வெச்சுக்கலாம்மா. நீ மொதல்ல எழுந்து வா," என்றார். பத்து நாளைக்கு ஒரு முறை அவருடைய மகன் சாத்துக்குடி வாங்கி வந்து, கட்டிலருகே உட்கார்ந்து, உரித்து உரித்துக் கொடுத்தார்.

சேர்த்த அன்று சாயங்காலம் அக்காவும் நானும் மட்டும் இருந்தோம். ஒரு வாரம் என்று ஏன் சொன்னாள் என்று கேட்டேன்.

"மே மாசத்துலேருந்துன்னா, அப்பவே ஏன் கூட்டிட்டு வரலன்னு கேப்பாங்க. அம்மா இன்னா பதில் சொல்லும்?" கண்ணை மூடிக்கொண்டாள். "நீ இன்னா சொல்லுவே?"

ஊசியும் மாத்திரையும் அன்றே ஆரம்பித்தார்கள். நல்ல மருந்துகள். பக்கத்துக் கட்டிலில் அதே வாரம் சேர்ந்த பெண் எடை கூடி வீட்டுக்குப் போனாள். எங்கள் மூவரையும் படம் எடுத்துப் பார்த்தார்கள், ஒன்றும் இல்லை. கார்த்திகை முதல் வாரத்தில், மழை விட்டிருந்த ஒரு காலையில், அக்கா இறந்தாள்.

கட்டிலின் கால்மாட்டில் அவளுடைய சீட்டு ஒரு அட்டையில் தொங்கிக்கொண்டிருந்தது. மூன்றரை மாதமும் பார்க்க வந்த நேரமெல்லாம் அதைப் படித்தேன். எடை மாறியது, காய்ச்சல் மாறியது, மருந்தின் பெயர்கள் மாறின. மேலே முதல் வரியில் 'ரத்தம்: ஒரு வாரம்' என்றே இருந்தது. அது தவறு என்று அந்த வார்டில் நாலு பேருக்குத் தெரியும். யாரும் திருத்தச் சொல்லவில்லை.